கவசம் கேட்கவில்லை, ஒட்டுதான் கேட்டார்கள்

ஹேங்கருக்குள் அந்தச் சிறிய விமானத்தை இழுத்து வந்து நிறுத்தியபோது சேதம் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. சரக்குக் கதவுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நெளிவு. தரையில் ஓடும் வண்டி எதுவோ முட்டியிருக்கிறது. நெளிவின் ஓரத்தில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல். தகடுகளை இணைக்கும் தலையுள்ள உலோக ஆணிதான் ரிவெட். அதுவரை சீனியர்கள் வெளியிலிருந்து அதை அடிக்கும்போது, மறுமுனை நசுங்கி இன்னொரு தலையாகும்படி உள்ளே உட்கார்ந்து பக்கிங் பார் என்ற இரும்புக் கட்டையைப் பிடிப்பதுதான் என் வேலை. அன்றைக்கு, “இதை நீயே பாரு தம்பி. ஆனா முதல்ல என்ன பண்ணப் போறேன்னு பேப்பர்ல எழுதிக் கொண்டா” என்றார் சீனியர்.

எழுதிக்கொண்டு போனேன். விமானத்தின் ஸ்கின், அதாவது வெளித்தோல், 0.040 அங்குலத் தகடு. அதற்கு மேல் நான் போட நினைத்த பேட்ச், அதாவது ஒட்டுத் தகடு, 0.063. ரிவெட் 5/32 அங்குலம். சுற்றிலும் மூன்று வரிசை, நெருக்கமாக. என் கணக்கு எளிது: அடிபட்ட இடம், மறுபடி விட்டுக்கொடுக்கக் கூடாது, அதனால் எல்லாமே ஒரு சுற்றுப் பெரிதாக இருக்கட்டும்.

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இது ரிப்பேரா, கவசமா?”

அடுத்த அரை மணி நேரம் அவர் சொன்னதுதான் இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த உருப்படியான பாடம். விமானத்தின் ஸ்கின் வெறும் மூடி கிடையாது, சுமை தாங்குகிற பாகம். பறக்கும்போது அது இழுபடும், முறுக்கப்படும், பழைய நிலைக்குத் திரும்பும். ஓட்டை விழுந்த இடத்தில் அந்தச் சுமையை ஒரு கரையில் வாங்கி மறு கரையில் இறக்கிவிடுவதுதான் பேட்சின் வேலை. சுற்றியிருக்கும் தகடு எவ்வளவு நீள்கிறதோ அதை ஒட்டி பேட்சும் நீள வேண்டும். தடித்த தகட்டைப் போட்டால் அது விறைப்பாக நின்று தன் பங்குக்கு மேல் சுமையை இழுத்துக்கொள்ளும். அந்தப் பாரமெல்லாம் ஓரத்து ரிவெட் வரிசையில் போய் விழும். அடுத்த விரிசல் அங்கேதான் பிறக்கும். ரிவெட்டை நெருக்கி அடித்தால் இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே மிஞ்சும் உலோகம் குறைந்து, தபால்தலைத் தாளில் ஊசித்துளை போட்ட கதையாகிவிடும். பெரிய ரிவெட்டை மெல்லிய தகட்டில் அடித்தால், அடிக்கிற வேகத்தில் தகடே உப்பிக்கொள்ளும். சுமை மிஞ்சிப் போனால் தகடு கிழிவதற்கு முன் ரிவெட் அறுபட வேண்டும், ஏனென்றால் ரிவெட்டை மாற்றுவது சுலபம். நான் போட்ட திட்டத்தில் அது தலைகீழாக இருந்தது.

தயாரிப்பாளரின் ரிப்பேர் மேனுவலை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தேன். அதே 0.040, அதே 2024-டி3 கிளாட் (மேலே தூய அலுமினியம் படிந்த அலுமினியக் கலவை) தகடு. ரிவெட்டின் விட்டம் தகட்டுத் தடிமனைப்போல் மூன்று மடங்கு: 0.120 வருகிறது, அதற்கு அடுத்த அளவு 1/8 அங்குலம். நீளத்துக்கு, இரண்டு தகடும் சேர்ந்து 0.080, அதோடு விட்டத்தில் ஒன்றரை மடங்கு 0.1875, ஆக 0.2675. கால் அங்குல ரிவெட்தான் இதற்குப் பக்கம். இருந்தாலும் கை 5/16 அங்குல டப்பாவை நோக்கித்தான் போனது. நீளம் கூடினால் நல்லதுதானே என்ற பழைய புத்தி. நீளம் கூடினால் அடிக்கும்போது தண்டு மடங்கிப் படுத்துவிடும் என்று ஒரு பழைய தகட்டில் அடித்துக் காட்டினார். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவரே “கூட்டிக்கோ” என்றார். தகட்டின் ஓரத்துக்கும் ரிவெட்டின் நடுவுக்கும் இடையே குறைந்தது விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு இடம் வேண்டும். அதாவது கால் அங்குலம். “இரண்டரை மடங்கு வெச்சுக்கோ. 5/16. ஏன்னு அப்புறம் தெரியும்.” நான் கேட்கவில்லை. ஏற்கெனவே மூக்குடைபட்டிருந்தேன்.

விரிசலின் நுனி எங்கே முடிகிறது என்று பார்க்க டை பெனிட்ரன்ட் போட்டோம். சாயத்தைத் தடவி, ஊற விட்டு, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்ததும் சிவப்புக் கோடு மெல்ல ஊறி வெளியே வந்தது. கண்ணுக்குத் தெரிந்ததைவிடப் பாதியளவு கூடுதல் நீளம். அதையெல்லாம் உள்ளடக்கி, மூலைகளை வளைவாக வைத்து வெட்டி எடுக்க வேண்டும். கூர்மையான மூலை விட்டால் அதுவே அடுத்த விரிசலுக்கு வாசல். கோடு போடப் பென்சிலை எடுத்தேன், கையைத் தட்டிவிட்டார். பென்சிலின் கிராஃபைட் அலுமினியத்தோடு சேர்ந்தால் அரிப்புக்கு வழி வகுக்கும். மார்க்கர்தான்.

வெட்டப் போகும் கோட்டுக்கு வெளியே இரண்டு ஆழமான கீறல்கள் இருந்தன. “பேட்ச் எப்படியும் இதை மூடிடும் சார்” என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை. சைனா ஏர்லைன்ஸ் 611 தெரியுமா என்று மட்டும் கேட்டார். 1980-இல் ஹாங்காங்கில் இறங்கும்போது வால் ஓடுபாதையில் உரசிய போயிங் 747 விமானம் அது. கீறல் விழுந்த ஸ்கின்னை முழுக்க வெட்டி எடுக்காமல் மேலே டப்ளர் என்ற கூடுதல் தகடு வைத்து அடித்துவிட்டார்கள். அந்தக் கீறல்களிலிருந்து கிளம்பிய விரிசல் டப்ளருக்கு அடியிலேயே ஒளிந்துகொண்டு வளர்ந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிய வழியில்லை. 2002 மே 25 அன்று விமானம் நடுவானில் சிதறியது. இருந்த 225 பேரும் இறந்தார்கள். நான் ஒன்றும் பேசாமல் வெட்டுக் கோட்டைக் கீறல்களுக்கு வெளியே தள்ளிப் போட்டேன்.

வெட்டியதையும் ஃபைல் பிடித்ததையும் விட்டுவிடுகிறேன், அதில் சொல்ல ஒன்றுமில்லை, தோள் வலி மட்டும்தான். டிரில் போடுவதில்தான் ஒரு நாள் போனது. முதலில் 40-ஆம் நம்பர் பிட்டில் (3/32 ரிவெட்டுக்கான அளவு) வழிகாட்டும் சிறு பைலட் ஓட்டை, பிறகு 30-இல் (1/8-க்கானது) பெரிதாக்கல். ஒவ்வொரு ஓட்டை போட்டதும் கிளீக்கோ என்ற தற்காலிகப் பிடிப்பான் ஒன்று, தகடு நகராமல் இருக்க. 3/32-க்கு வெள்ளி நிறம், 1/8-க்குச் செம்பு நிறம். வரிசையாகச் செம்புக் கிளீக்கோக்கள் நிற்கிற அழகைப் பார்த்து வேலை முடிந்த மாதிரி ஒரு மிதப்பு வந்தது. “கழட்டு” என்றார்.

எல்லாவற்றையும் கழற்றிப் பிரித்தால், இரண்டு தகடுகளுக்கும் நடுவே சுருள் சுருளாக டிரில் தூள். ஓட்டைகளின் விளிம்பில் விரலால் தடவினால் கீறுகிற பிசிறு. ஒரு தூள் நடுவில் மாட்டிக்கொண்டால் போதும், தகடுகள் ஒட்டாது, அடிக்கும்போது ரிவெட் தண்டு அந்த இடுக்குக்குள் உப்பிக்கொண்டு இரண்டையும் நிரந்தரமாகப் பிரித்து வைத்துவிடும். ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு பக்கமும் பிசிறு எடுத்து, துடைத்து, பிரைமர் பூசி, மறுபடி கிளீக்கோ போட்டேன். தன் பங்குக்கு அவர் இடுக்கை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விளிம்பில் நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை.

நான்காம் நாள் ரிவெட் கன், காற்றழுத்தத்தில் அடிக்கும் சுத்தி. நான் வெளியே, பக்கிங் பார் பிடித்துக்கொண்டு இன்னொருவர் உள்ளே. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, பேச்சும் கேட்காது, எல்லாம் தட்டல்தான். ஒரு தட்டு என்றால் இன்னும் அடி. இரண்டு என்றால் சரி. மூன்று என்றால் கெட்டுப்போச்சு, கழற்று. கன் தகட்டுக்கு நேர்செங்குத்தாக இருக்க வேண்டும், சாய்ந்தால் ஸ்கின்னில் பிறை மாதிரித் தழும்பு விழும். முடிந்த அளவு குறைந்த அடியில் தலை உருவாகிவிட வேண்டும். தகட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு, விட்டத்தில் ஒன்றரை மடங்கு அகலமும் பாதி உயரமும் உள்ள சிறு பொத்தானாக உட்கார வேண்டும்.

நான்கு ரிவெட் நன்றாகப் போனது. ஐந்தாவதில் உள்ளேயிருந்து இரண்டு தட்டு வந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. உறுதிக்கு இருக்கட்டும் என்று ட்ரிகரை இன்னொரு இழுப்பு இழுத்தேன்.

மூன்று தட்டு.

உள்ளே போய்ப் பார்த்தேன். தலை நசுங்கி நாணயம் மாதிரி பரந்து, விளிம்பு வெடித்திருந்தது. அடிக்க அடிக்க இந்த ரிவெட் இறுகிக்கொண்டே போகும், ஒரு கட்டத்துக்கு மேல் வெடித்துவிடும். படித்திருந்தேன், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன்.

கழற்றும்போது வெளிப்பக்கத் தலையின் நடுவில் பஞ்ச் வைத்து, தலை ஆழத்துக்கு மட்டும் டிரில் போட்டு, பின் பஞ்சால் தலையை உடைத்துத் தண்டைத் தட்டி வெளியேற்ற வேண்டும். டிரில் கொஞ்சம் வழுக்கியது. ஓட்டை நீள்வட்டமாகிவிட்டது. 1/8 இனி அங்கே பிடிக்காது. அடுத்த அளவான 5/32 போட வேண்டும், அதற்கு ஓரத்தில் இரண்டு மடங்கு இடம் வேண்டும். மனசுக்குள் பெருக்கினேன்: 5/16.

சீனியர் பக்கத்தில்தான் நின்றார். நான் கணக்குப் போட்டு முடித்ததைக் கவனித்திருக்க வேண்டும். 5/32-க்கான 21-ஆம் நம்பர் பிட்டை எடுத்து நீட்டினார், வேறு எதுவும் சொல்லவில்லை.

பெயின்ட் அடித்த பிறகும் உற்றுப் பார்த்தால் அந்த வரிசையில் ஐந்தாவது தலை மட்டும் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். விமானம் செக்குக்கு வரும்போதெல்லாம் கதவுக்குக் கீழே போய் விரலால் தடவிப் பார்ப்பேன்.