பூங்குழலி வர்ற இடம்

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. குனியக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது, டி.வி. கூடாது. அதனால் தையல் கடையைப் பூட்டிவிட்டு வந்ததும், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பொன்னியின் செல்வன் படித்துக் காட்டுகிறேன். முதல் நாள் வந்தியத்தேவன் வீராணத்து ஏரிக்கரையில் குதிரையில் வருகிற இடத்தில்தான் ஆரம்பித்தேன். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். பூங்குழலி வர்ற இடத்துல இருந்து எடு" என்றார் அம்மா. பூங்குழலி இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயத்தில்தான் வருவாள். சரி என்று முதல் பாகத்தை அப்படியே மூடி வைத்தேன்.

எல்லாருக்கும் குந்தவையைப் பிடிக்கும், வந்தியத்தேவனைப் பிடிக்கும். அம்மாவுக்குப் பூங்குழலிதான். கோடிக்கரைக் கலங்கரை விளக்கத்துக்காரரின் மகள், தனியாகப் படகு விட்டு ஈழத்துக்குப் போய் வருகிறவள். ராத்திரியில் சதுப்புக் காட்டில் எரியும் கொள்ளிவாய்ப் பேய்களைக் காட்டி, இவர்கள்தான் என் காதலர்கள் என்று வந்தியத்தேவனிடம் சொல்கிறவள். பதினைந்து வயதில் நான் அதைப் படித்தபோது சும்மா திகிலுக்காக எழுதியது என்று நினைத்தேன். கிடைக்காத ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு தூக்கம் வராமல் அலைகிறவளின் பேச்சு அது என்று புரிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

அம்மா பிறந்தது இலங்கையில் ஹட்டன் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில். எங்களைப் போல இந்தியாவிலிருந்து போன தமிழர்களை என்ன செய்வது என்று 1964-இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு அங்கேயே குடியுரிமை. மிச்சம் இருந்த 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். எங்கள் தாத்தா வீட்டுக்கு இந்தியா என்று வந்தது. அம்மாவின் மாமா வீட்டுக்கு அங்கேயே என்று வந்தது. அந்த மாமாவின் மகனைத்தான் அம்மாவுக்குப் பேசி வைத்திருந்தார்கள். 17 வயதில் அம்மா தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினார். கொஞ்ச நாள் மண்டபம் முகாம். அப்புறம் கோத்தகிரிக்கு வந்து, இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை கொடுத்த டேன்டீ என்ற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டத்தில் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்க இறங்கிவிட்டார். அங்கே பறித்த அதே கொழுந்துதான், அதே குளிர்தான். பேச்சை மட்டும் கேட்டுவிட்டு 'சிலோன்காரங்களா?' என்பார்களாம்.

அப்பாவும் அதே மாதிரி கப்பலில் வந்தவர்தான். தேயிலை பேக்டரியில் இலை வாட்டுகிற பக்கம் வேலை. 1979-இல் கல்யாணம். கல்யாணமான மூன்றாவது நாள் அம்மா விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து கடிதம் வரும், படிக்காமல் இருக்க என்னால் முடியாது என்று. அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மழையில நனைஞ்சு போயிடும். நானே போஸ்ட் ஆபீசுல போய் வாங்கியாறேன்" என்றாராம். வாங்கியும் வந்தார், பிரிக்காமல். 1983-க்குப் பிறகு ஒரு கடிதமும் வரவில்லை. அந்த ஆடியில் கொழும்பிலும் மலையகத்திலும் தமிழருக்கு நடந்தது தெரிந்தவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை. அதற்கு அப்புறமும் ரெண்டு வருஷம் வேலை விட்டு வரும்போதெல்லாம் போஸ்ட் ஆபீசில் ஏறி விசாரித்துவிட்டு வந்திருக்கிறார் அப்பா. ஒன்றும் வரவில்லை என்றுகூட அம்மாவிடம் வந்து சொன்னதில்லை.

அம்மா தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரைக்கும்தான் படித்தவர். பொன்னியின் செல்வனைக் கிளை நூலகத்திலிருந்து பாகம் பாகமாக எடுத்து வந்து அப்பாதான் படித்துக் காட்டினார். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. கரி அடுப்பைக் காலருகே இழுத்துப் போட்டு, சட்டையில் இன்னும் வாடிய இலை வாசம் போகாமல், எழுத்துக் கூட்டிக் கூட்டி இழுத்துப் படிப்பார். பழுவேட்டரையருக்கும் ஒரே குரல், குந்தவைக்கும் ஒரே குரல். நந்தினி பேசும்போது மட்டும் குரல் தானாக இறங்கிவிடும்.

சரித்திரக் காதல் கதைகளை நான் கிடைத்த வரைக்கும் வாங்கிப் படிப்பவள். இப்போது வருகிறவற்றில் பலவற்றை முடிக்கும்போது ஏமாற்றமாக இருக்கிறது. தளபதிக்குக் கன்னத்தில் வெட்டுத் தழும்பு, மனசில் பழைய துரோகம். இளவரசி பச்சிலை அரைத்துக் கட்டுவாள். அடுத்த அத்தியாயத்தில் தழும்பைத் தொடுவாள். அதற்கடுத்ததில் அவன் பழையதை எல்லாம் மறந்திருப்பான். அவ்வளவு சீக்கிரம் ஆறுவது புண்ணே இல்லை என்று எனக்குத் தோன்றும். பெரிய பழுவேட்டரையர் உடம்பில் 64 விழுப்புண் என்று கல்கி கணக்குச் சொல்கிறார். அந்த வீட்டுக்குள்ளேயே இருந்த அவருடைய இளம் மனைவி நந்தினிக்கு எத்தனை புண் என்று அந்தக் கிழவருக்குத் தெரியாது. அவளுடைய அழகைப் பார்த்தார், கேட்டதை எல்லாம் கொடுத்தார். என்ன வலிக்கிறது என்று மட்டும் கடைசி வரை கேட்கவில்லை. பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனுக்கு அது தெரியும், அந்தப் புண்ணைப் போட்டவனே அவன்தானே. அந்தக் காதல் கடம்பூர் மாளிகையில் எப்படி முடிந்தது என்று படித்தவர்களுக்குத் தெரியும்.

நான் கல்யாணமான வீட்டை விட்டு ஒரு பையோடு திரும்பி வந்த வருஷம், எனக்கு நந்தினியைத் தவிர யாரையும் பிடிக்கவில்லை. அவள் வாளைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிற பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்பா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஏன் வந்தாய், என்ன நடந்தது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் பழைய தையல் மிஷினைத் துடைத்து எண்ணெய் போட்டு ஜன்னலோரமாக நகர்த்தி வைத்திருந்தார், அவ்வளவுதான்.

சேந்தன் அமுதனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தஞ்சாவூரில் தளிக்குளத்தார் கோயிலுக்குப் பூத் தொடுக்கிறவன், ஊமைத் தாயின் மகன், பூங்குழலிக்கு அத்தை மகன். பயந்த சுபாவம், குதிரை ஏறத் தெரியாது. அவளுக்குத் தன் மேல் ஆசை இல்லை, பின்னால் ராஜராஜனான இளவரசர் பொன்னியின் செல்வர் மேல்தான் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். உத்தம சோழர் என்று ஒரு ராஜா நிஜமாகவே இருந்தார், ராஜராஜனுக்கு முன்னால் ஆண்டவர். கதையில் அமுதன்தான் அந்த உத்தம சோழர். அவரைக் கொண்டுபோய் ஒரு பூக்காரப் பையனாக வளர்த்ததும், பூங்குழலியை உண்டாக்கி அவன் பக்கத்தில் உட்கார வைத்ததும் கல்கியின் கற்பனை. அந்தக் கதையிலேயே எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிவது அதுதான்.

மூன்றாம் பாகத்தில் 'ஓடத்தில் மூவர்' என்று ஓர் அத்தியாயம். குளிர்சுரத்தில் நினைவு தப்பிக் கிடக்கிற இளவரசரைப் படகில் போட்டுக்கொண்டு, கால்வாய் வழியாக நாகப்பட்டினத்தில் சூடாமணி விஹாரம் என்ற பௌத்த மடத்துக்குப் போகிறார்கள் பூங்குழலியும் அமுதனும். தனக்குப் பிரியமானவள் இன்னொருவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதே படகில் இவனும் இருக்கிறான். இளவரசர் பிழைக்க வேண்டும் என்றுதான் இவனும் வேண்டிக்கொள்கிறான்.

நேற்று ராத்திரி அந்த இடத்துக்கு வந்தோம். வெளியே நல்ல மழை. தகரக் கூரையில் விழுகிற சத்தத்துக்கு மேல் கத்திப் படிக்க வேண்டியிருந்தது. "அங்க கொஞ்சம் நிறுத்து" என்றார் அம்மா. கண்ணில் தண்ணீர் வரக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே என்று எனக்குக் கவலை. அம்மா அழவில்லை. 1997-இல் ராமேஸ்வரம் கோயிலுக்குப் போய் வந்தார்களே, அதைப் பற்றி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னார்.

"தீர்த்தம் ஆடிட்டு வந்து கடலைப் பாத்து நின்னேன். உங்கப்பா ஒண்ணும் கேக்கல. 'நீ நில்லு, நான் டீ வாங்கிட்டு வர்றேன்'னு போயிட்டாரு. நான் எவ்வளவு நேரம் நின்னேன்னு எனக்கே தெரியாது. அந்தப் பக்கந்தானே மன்னாரு. திரும்பிப் பாத்தா, ரெண்டு கையிலயும் டீ கிளாஸை வச்சுக்கிட்டு தள்ளி நிக்கிறாரு. கூப்பிடவே இல்ல. வாங்கிக் குடிச்சா பச்சைத் தண்ணி மாதிரி ஆறிப்போய்க் கிடந்துச்சு."

மழை கொஞ்சம் குறைந்தது. கம்பளியை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.

"சரி, படி. நாகப்பட்டினம் போய்ச் சேரட்டும்."