ரஸியா கேள்விக்கு விடை எழுதும்போது யாகூத்தை என்ன செய்வது?

குடிமைப்பணி முதன்மைத் தேர்வில் வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்துத் தமிழில் எழுதியவள் நான். டெல்லி சுல்தானியப் பாடத்துக்கு வரும் தம்பி தங்கைகள் தவறாமல் கேட்பது, "அக்கா, ரஸியா - யாகூத் கதையை விடையில் எழுதலாமா?" டெல்லியை ஆண்ட பெண் சுல்தான் ரஸியாவுக்கும், அவரிடம் பணிசெய்த அபிசீனியர் (எத்தியோப்பியர்) யாகூத்துக்கும் காதல் என்று சொல்லும் கதை அது. தாராளமாக எழுதலாம். யார், எப்போது சொன்னது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது.

நான் நோட்டில் ஒரு பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போட்டுக்கொண்டேன். எழுதியவர், காலம், யாகூத்தைப் பற்றி அவர் சொல்வது. முதலில் வரலாற்றாசிரியர் மின்ஹாஜ். ரஸியா ஆண்ட காலத்திலேயே (1236-1240) டெல்லியில் இருந்தவர். அபிசீனியரான யாகூத், குதிரை லாயத் தலைவராகி சுல்தானுக்கு நெருக்கமானார், துருக்கியப் பிரபுக்களுக்குப் பொறாமை வந்தது. அத்தோடு நிறுத்திவிடுகிறார். இவர் நூலை முடித்தது 1260 வாக்கில், நசிருத்தீன் மஹ்மூதின் ஆட்சியில். செத்துப்போன ரஸியாவுக்குப் பூசிமெழுக வேண்டிய அவசியம் அப்போது இல்லை. இந்தக் குறிப்பை விட்டுவிடாதீர்கள்.

அடுத்து இசாமி. 1350இல், தக்காணத்தில், பாமினி அரசின் ஆதரவில் எழுதியவர். ரஸியா குதிரை ஏறும்போது யாகூத் கைபிடித்து ஏற்றிவிடும் காட்சி இவரிடம் வருகிறது. ராட்டையும் கையுமாக இருப்பவளே நல்ல பெண் என்ற உபதேசமும் கூடவே! இந்தியாவில் ராட்டை இருந்ததற்கான பழைய எழுத்துச் சான்றாக வரலாற்றாசிரியர்கள் காட்டுவதும் இந்த வரியைத்தான். தொழில்நுட்பம் பற்றிய கேள்விக்கும் உதவும், குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது பயணி இப்னு பதூதா. ஏறக்குறைய நூறு வருடம் கழித்து டெல்லி வந்தவர். அபிசீனிய அடிமையோடு தொடர்பு என்று ரஸியா மீது பழி வந்ததாகவே எழுதிவிட்டார். வருடம் ஏற ஏற நெருக்கமும் ஏறுகிறது, பார்த்தீர்களா?

சரி, அப்படியானால் ரஸியா ஏன் வீழ்ந்தார்? திரையை விலக்கி, அங்கியும் குல்லாயும் அணிந்து யானைமேல் வெளியே வந்தது ஒருபக்கம். துருக்கியரின் கையில் இருந்த பதவி ஒரு ஹப்ஷிக்கு, அதாவது அபிசீனியருக்கு, போனது மறுபக்கம். இரண்டையும் எழுதிவிட்டு அல்துனியாவுக்கு வாருங்கள். பட்டிண்டாவின் ஆளுநராக இருந்து கலகம் செய்தவர் அவர். யாகூத் கொல்லப்பட்டார், ரஸியா சிறைப்பட்டார். ஆனால் புதிய சுல்தான் பஹ்ராமின் அரசவையில் எதிர்பார்த்த பங்கு கிடைக்காததும், அதே அல்துனியா ரஸியாவையே மணந்து டெல்லிமீது படையெடுத்தார். கலகம் ஒழுக்கத்துக்காக என்றால் இந்தக் கல்யாணம் எதற்கு? என்னைக் கேட்டால், விடையின் உயிர் இந்த ஒரு கேள்விதான்.

இரண்டாம் தாளில் பிரெஞ்சுப் புரட்சிக்கும் இதே மூன்று பத்திகள் போதும். அங்கேயும் ஒரு ராணியைச் சுற்றிய பழிதான். 1785 வைர அட்டிகை விவகாரத்தில் பிரான்ஸ் ராணி மரீ அந்துவானெத் அந்த நகையை வாங்கவே இல்லை. அவர் பெயரில் பொய்க்கடிதம் காட்டி கார்டினல் ரோஹானை ஏமாற்றியது வேறொரு கும்பல். 1786இல் ரோஹான் விடுதலையானார், கெட்டபெயர் ராணிக்கு.

150 சொல் விடையில் யாகூத்துக்கு இரண்டு வாக்கியம் போதும். "ஒழுக்கம் தவறியவர்", "களங்கமற்றவர்" இரண்டுமே வேண்டாம், எதற்கும் உங்களிடம் சான்று கிடையாது.