அப்பத்தாவின் தாய்வழியைத் தேடி: பினாங்கிலிருந்து ஒரு டிஎன்ஏ சோதனை அனுபவம்

எங்கள் அப்பத்தா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி பினாங்கில் வந்து இறங்கியவர். அதற்கு முந்தைய கதை வீட்டில் யாருக்கும் தெரியாது, ஊர்ப் பெயரையே ஆளுக்கொன்றாகச் சொல்வார்கள். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை வைத்து அந்த வழியைப் பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். முடிவு இப்போது கையில் இருக்கிறது, ரொம்பச் சந்தோஷம். ஆனால் நடுவில் ஓர் ஆய்வகம் எங்களைப் படுத்திய பாடு இன்னும் ஆறவில்லை.

முதல் விஷயம், யாருடைய மாதிரி வேண்டும் என்பது. இந்த டிஎன்ஏ அம்மாவிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும், ஆனால் மகள்கள் வழியாக மட்டுமே அடுத்த தலைமுறைக்குப் போகும். அப்பத்தாவின் வழி என்னிடம் கிடையாது, என்னிடம் இருப்பது அம்மாவைப் பெற்ற பாட்டியின் வழி. அப்பா இப்போது இல்லை. மிச்சம் பட்டர்வொர்த்தில் இருக்கும் அத்தையும் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவருடைய பையன்களும்தான். அத்தைக்குப் பெண் பிள்ளை இல்லாததால் எங்கள் வீட்டில் அந்த வழி அந்தப் பையன்களோடு நின்றுவிடும்.

அத்தை முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "எச்சிலை வச்சு ஜாதி பார்க்கப் போறியாய்யா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பத்துத் தலைமுறை பின்னால் போனால் நமக்கு 1,024 முன்னோர்கள், இந்தச் சோதனை காட்டுவது அதில் ஒருத்தியை மட்டும்தான், இதில் ஜாதியும் தெரியாது ஊரும் தெரியாது என்று பொறுமையாகச் சொன்ன பிறகுதான் சரி என்றார். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிச்சப்பன் குழு தமிழ்நாட்டில் ஒருவரிடம் கண்டறிந்த எம்130 என்ற டிஎன்ஏ அடையாளம் பற்றி உறவினர் ஒருவர் கேட்டார். அது ஒய் குரோமோசோம், அப்பா வழி. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கோலாலம்பூரில் ஒரு தனியார் ஆய்வகத்துக்குப் போன் செய்தபோது "தாய்வழிச் சோதனையா, செய்கிறோம், நேரில் வாருங்கள்" என்றார்கள். எழுபதைத் தாண்டிய அத்தையை ரயிலில் நான்கு மணி நேரம் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். முகப்பில் இருந்த பெண் ஐசியை (அடையாள அட்டை) வாங்கிப் பார்த்துவிட்டு, "குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் எங்கே?" என்று கேட்டார். அவர் நீட்டிய படிவம் தந்தை யார் என்று உறுதி செய்யும் சோதனைக்கானது. இது வேறு என்று சொல்லச் சொல்ல, "அப்படியென்றால் யார் மேல் சந்தேகம்?" என்று அத்தனை பேர் முன்னால் சத்தமாகக் கேட்டார். அத்தை தலையைக் குனிந்துகொண்டார். அதை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

கடைசியில் உள்ளேயிருந்து ஒருவர் வந்து மாதிரி எடுத்தார். கன்னத்தின் உட்புறம் தேய்த்த பஞ்சுக் குச்சியை ஈரத்தோடு அப்படியே பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டிவிட்டார்கள். இதை நன்றாகக் கவனியுங்கள்: அந்தக் குச்சி காற்றில் உலர்ந்த பிறகு காகித உறைக்குள் போக வேண்டும், ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடித்து டிஎன்ஏ சிதைந்துவிடும். எங்களுடையதும் கெட்டுத்தான் போனது. மறுபடி எடுக்க மறுபடி பணம் கேட்டார்கள், வேறு வழியில்லாமல் கட்டினேன். வந்த அறிக்கையில் "எம்" என்ற ஒற்றை எழுத்தும் (ஒரே மூதாய் வழியில் வந்த ஒரு பெரிய குழுவின் பெயர்) ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு ஓர் அம்புக்குறியும், அவ்வளவுதான்.

மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ மொத்தம் 16,569 எழுத்துகள். அவர்கள் படித்தது சுமார் 400 மட்டும். எம் குழுவின் அடையாள மாற்றங்கள் 489, 10400, 14783, 15043 ஆகிய இடங்களில் இருக்கின்றன, ஒன்றுகூட அந்த 400க்குள் வராது. எம் என்று போட்டதே ஊகம்தான். இந்தியாவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் எம் என்பதால் ஊகம் தப்பாமல் போயிருக்கிறது. இதற்கா இவ்வளவு வெள்ளி (ரிங்கிட்)?

பணத்தைத் திருப்பித் தர மறுத்தார்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டி மனு போட்டேன், வக்கீல் தேவையில்லை. விசாரணைக்கு முன்பே முழுப் பணமும் வந்துவிட்டது. அத்தை முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன்.

அப்புறம் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில் முழு வரிசைச் சோதனைக்கு அனுப்பினோம், சிக்கல் இல்லை. அத்தை வெற்றிலை போடுபவர் என்பதால், காலையில் எழுந்ததும் வாயை நன்றாகக் கொப்பளிக்க வைத்து, பிறகு ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்கச் சொல்லி எடுத்தேன்.

முடிவு எம்2, அதாவது எம் குழுவின் ஒரு கிளை. எந்தக் குழு என்று கண்டுபிடித்துச் சொல்லும் ஹாப்லோகிரெப் என்ற இலவசக் கருவியில் கோப்பை நானே ஏற்றியும் பார்த்தேன், அதேதான் வந்தது. எம்2வின் அடையாளமான 447, 1780 ஆகிய இடங்களின் மாற்றங்களைத் திரையில் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. எம்2 இந்தியாவின் மிகப் பழைய தாய்வழிகளில் ஒன்று, தென்னிந்தியாவில், முக்கியமாகப் பழங்குடியினரிடம், அதிகம். ஆப்பிரிக்காவின் எல்3 கிளையிலிருந்து பிரிந்த எம் கடலோரமாகவே கிழக்கே பரவியது என்பதற்கு ஒரு பெரிய சான்று நம் மலேசியப் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்களிடமிருந்து கிடைத்தது, 2005இல் சயன்ஸ் இதழில் வந்தது. அவர்களிடம் உள்ள எம்21ம் எம்மின் கிளைதான். அப்பத்தா கப்பலில் வந்த இந்த மண்ணுக்கு அவர் வழியின் தூரத்துச் சகோதரிகள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்கிறார்கள்! அத்தையிடம் இதைச் சொன்னபோது இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

யாராவது செய்வதாக இருந்தால், பணம் கட்டும் முன் மின்னஞ்சலில் எழுத்து மூலம் கேளுங்கள்: முழு 16,569ஐயும் படிப்பீர்களா, படித்த எழுத்துகள் முழுவதும் அடங்கிய ஃபாஸ்டா கோப்பு கொடுப்பீர்களா, மாதிரி கெட்டால் மறுபடி எடுப்பது யார் செலவு? மூன்றுக்கும் பதில் வராத இடத்துக்கு வயதானவர்களை அலைய விடாதீர்கள். மாதிரியை வீட்டிலேயே எடுத்துக் கூரியரில் அனுப்பலாம்.