அரை மதிப்பெண்: மே மாத நாட்குறிப்பு

4 மே 2025, ஞாயிறு. தங்கச்சிமடம்

கத்திரி இன்று தொடங்கிவிட்டது. மீன்பிடித் தடைக்காலம், அதனால் தம்பி வீட்டில்தான் இருக்கிறான். விசைப்படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுகிறார்கள். நான் மடிக்கணினியும் மின்விசிறியுமாக நடு அறையில்.

முதல் பருவ ஸ்பானியப் பாடத்திட்டத்தை ஜூன் முதல் வாரத்துக்குள் திருத்தித் தர வேண்டும். சுற்றறிக்கையில் 'காலனிய நீக்கம்', 'அனைவரையும் உள்ளடக்கிய கற்பித்தல்' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி இல்லை. லத்தீன் அமெரிக்கா பற்றி ஓர் அலகு, மாச்சு பிச்சு படம் ஒன்று, சல்சா காணொளி ஒன்று சேர்த்தால் முடிந்தது என்பது ஆசிரியர் அறையின் பொதுக் கருத்து. போன வாரம் வரை என் கருத்தும் ஏறக்குறைய அதுதான்.

புத்தகம் மாட்ரிட்டில் அச்சானது. அதில் ஃபெர்னாந்தோ குடும்பம் விடுமுறைக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போகிறது. எங்கள் தெருவிலும் பர்னாந்து வீடுகள் உண்டு. ஐஸ் கம்பெனிக்கு வெளியே யாரும் பனிக்கட்டியைக் குவியலாகப் பார்த்ததில்லை.

7 மே

தம்பி மகள் பிளஸ் ஒன் முடித்திருக்கிறாள், தமிழ் வழி. "அத்தை, எனக்கும் ஸ்பானிஷ் சொல்லிக் குடுங்க" என்று வந்து உட்கார்ந்தாள். சும்மா ஒரு பரீட்சை செய்து பார்ப்போம், ஆங்கிலமே கலக்காமல் சொல்லிக்கொடுப்போம் என்று தோன்றியது.

'மெ குஸ்தா எல் பெஸ்காதோ.' மெ என்றால் எனக்கு. குஸ்தா, பிடிக்கும். எல் பெஸ்காதோ, மீன். "எனக்கு மீன் பிடிக்கும். அவ்வளவுதானே?" என்றாள். அவ்வளவுதான். வகுப்பில் இதற்கு எனக்கு இரண்டு வாரம் ஆகும். ஏனென்றால் ஆங்கிலத்தில் அந்த வாக்கியம் 'நான்' என்று தொடங்குகிறது. பிள்ளைகளும் 'யோ' என்று தொடங்கி முட்டிக்கொள்வார்கள். இங்கே மீன்தான் எழுவாய், நான்காம் வேற்றுமையில் 'எனக்கு' என்று பலகையில் எழுதி விளக்கியபடி நிற்பேன். 'மெ துவேலே லா கபேசா' என்றால் எனக்குத் தலை வலிக்கிறது. அதுவும் தமிழில் அப்படியே உட்காருகிறது. 'ஆப்லோ' என்றாலே பேசுகிறேன், தனியாக 'நான்' வேண்டாம். எஸ்பாஞாவில் வரும் ஒலிக்கு நம்மிடம் 'ஞ' இருக்கிறது. அதை விட்டுவிட்டு 'நியா' என்று ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிக்க வைத்திருக்கிறேன்.

என் வகுப்பில் எல்லோரும் தமிழ்ப் பிள்ளைகள் இல்லை. ஆனால் மலையாளத்தில் 'எனிக்கு இஷ்டம்', இந்தியில் 'முஜே பசந்த்'. எல்லாம் இந்தச் சாயல்தான்.

கடைசி பெஞ்சில் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் உட்காருவார்கள். ஸ்பானியம் வராதவர்கள் என்று அவர்களைப் பதினைந்து வருஷமாக நினைத்துவந்தேன். அவர்களுக்கு வராதது ஆங்கிலம்.

11 மே, ஞாயிறு

கீழக்கரை போய் வந்தேன். போன வருஷத்து மாணவி ஒருத்தி வரச் சொல்லியிருந்தாள். ராமநாதபுரத்தில் பஸ் மாறி இறங்குவதற்குள் சேலை நனைந்துவிட்டது. அவளுடைய உம்மா தட்டு நிறையத் தொதல் என்ற இனிப்பை வைத்தார்கள். விரலில் எண்ணெய் மின்ன, பேசிக்கொண்டே நாலு துண்டு தின்றிருப்பேன்.

பேச்சு முதல் பருவத் தேர்வுக்குப் போனது. அதில் நாட்டினப் பெயரை நிரப்பும் கேள்வி ஒன்று. இத்தாலிக்காரர், ஜப்பானியர், இந்தியாவைச் சேர்ந்தவர். விடைக்குறிப்பில் கடைசிக்கு 'இந்தூ' என்று இருந்தது. இவள் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள். நான் அரை மதிப்பெண் குறைத்தேன்.

"புத்தகத்துல இருக்கற மாதிரி எழுதினா நான் இந்துன்னு ஆயிடும் மிஸ். தப்பா எழுதறதுக்கு எழுதாம விடலாம்னு விட்டுட்டேன்." கோபமில்லாமல்தான் சொன்னாள். தொதல் தொண்டையில் நின்றது.

ஸ்பானியம் பேசுகிற நாடுகளில் இந்தியர்களை மதம் பார்க்காமல் 'இந்தூ' என்பது சகஜம். மதக் குழப்பம் வராத இடத்தில் சொல்லலாம் என்று ஸ்பானிய மொழி அகாடமியின் வழிகாட்டி நூலும் இடம் தருகிறது. 'இந்தியோ' என்ற சரியான சொல் இருக்கத்தானே செய்கிறது என்றால், அதைக் கொலம்பஸ் கூட்டம் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. இந்தியாவுக்கு வந்துவிட்டோம் என்று நினைத்து அமெரிக்காவின் பூர்வகுடிகளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். இன்று பல நாடுகளில் அது ஒரு வசவு. அவர்களுக்கும் அது பெயரில்லை, நமக்கும் மிஞ்சவில்லை. பெண்பாலில் சொன்னால் இன்னும் வேடிக்கை: 'சோய் இந்தியா'.

"நான் இந்தியாவா? மேடைப் பேச்சு மாதிரி இருக்கு மிஸ்" என்று சிரித்தாள். 'சோய் தெ லா இந்தியா', இந்தியாவிலிருந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டால் எந்த வம்பும் இல்லை. இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். விடைக்குறிப்பைத் தாண்டி நான் யோசிக்கவில்லை.

கிளம்பும்போது அவளுடைய உம்மா பீரோவிலிருந்து ஒரு பழைய கிதாபை எடுத்துக் காட்டினார்கள். எழுத்து அரபு, வாசித்தால் தமிழ். அரபுத்தமிழ். ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது. ஸ்பெயினிலும் இதே போல உண்டு என்றேன். அரபு எழுத்தில் எழுதிய ஸ்பானியம், அல்ஹமியாதோ என்று பெயர். எழுதியவர்கள் மொரிஸ்கோக்கள், அதாவது கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களும் அவர்களின் வாரிசுகளும். 1609 முதல் 1614 வரை அவர்களை நாட்டைவிட்டே துரத்தினார்கள். 1884இல் சரகோசா பக்கம் அல்மோனாசித் தெ லா சியெர்ரா என்ற ஊரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது பொய்த்தரைக்கு அடியில் இந்தச் சுவடிகள் குவியலாகக் கிடைத்தன. அந்த அம்மா கிதாபை மூடித் துணியில் சுற்றிக்கொண்டே, "ஒளிச்சுல்ல வச்சிருக்காங்க" என்றார்கள்.

'ஓஹலா' என்று ஒரு சொல். ஆசையைச் சொல்லும் வாக்கியங்கள் பல அதில் தொடங்கும். 'ஓஹலா யுயேவா', மழை பெய்யட்டும். மூலம் அரபு, இறைவன் நாடினால் என்று பொருள். அதை மாணவிக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. பாடத்திட்டத்தில் ஸ்பெயின் என்றால் காளைச் சண்டையும் பாயேயா சோறும்தான். இந்த ஸ்பெயினை நானே இவ்வளவு நாளாகக் காட்டவில்லை.

12 மே

அந்த அரை மதிப்பெண்ணைத் திருத்த முடியுமா என்று தேர்வுப் பிரிவில் கேட்டேன். முடியாதாம். பட்டியல் போய்விட்டது.

18 மே, ஞாயிறு. வேதாளை

தம்பியோடு பைக்கில். 1549இல் அந்தோனியோ கிரிமினாலி என்ற இத்தாலிய சேசு சபைப் பாதிரியார் கொல்லப்பட்டது இங்கேதான். அவருடைய சகா என்ரிக்கே என்ரிக்கஸ் (நம் ஊரில் அண்டிரிக் அடிகளார்) தமிழுக்குப் போர்த்துக்கீசிய மொழியில் இலக்கணம் எழுதியதும், 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ்ப் புத்தகத்தை அச்சிட்டதும் இந்தக் கடற்கரைக் கதைதான். ஸ்பானிய மொழிக்கு நெப்ரிஹா என்ற அறிஞர் இலக்கணம் செய்தது 1492இல். 'மொழி என்றும் பேரரசின் துணை' என்று முன்னுரையிலேயே ராணிக்கு எழுதிவிட்டார். ஒளிவுமறைவு இல்லாத மனிதர்.

வெயில் தாங்கவில்லை, அரை மணியில் திரும்பிவிட்டோம்.

22 மே

மாணவர் ஒருவரின் குரல் செய்தி. அவன், அவள் இரண்டும் வேண்டாம் என்று சொன்னவர். களைப்பாக இருக்கிறேன் என்பதை ஸ்பானியத்தில் எப்படிச் சொல்வது என்று கேட்கிறார். ஆணென்றால் 'கன்சாதோ', பெண்ணென்றால் 'கன்சாதா'. தமிழில் 'களைச்சுப் போயிருக்கேன்' என்றால் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. ஸ்பானியத்தில் வாயைத் திறந்ததுமே ஆணா பெண்ணா என்று சொல்லியாக வேண்டும்.

'கன்சாதே' என்று ஏகாரத்தில் முடிப்பவர்கள் இருக்கிறார்கள், பிரதிப் பெயருக்கு 'எய்யே'. 2020 அக்டோபரில் அகாடமி தன் சொல் கண்காணிப்புப் பக்கத்தில் 'எய்யே'வைச் சேர்த்தது, சில நாளில் எடுத்தும்விட்டது. என் முடிவு: வகுப்பில் சொல்லித் தருவேன், என் தாளில் எழுதினால் மதிப்பெண் குறைக்க மாட்டேன், வெளித் தேர்வில் ஏற்பார்களா என்பதற்கு உத்தரவாதம் தர மாட்டேன். அவரிடமும் இதையே சொன்னேன். சரி மிஸ் என்றார். திருப்தியா என்று தெரியவில்லை.

25 மே, ஞாயிறு

சக ஆசிரியர் போனில் கேட்டார்: "இதெல்லாம் சரி, பிள்ளைங்க தேலே, அந்த ஸ்பானிஷ் மொழித் திறன் தேர்வு எழுதணும், சென்னையில வேலைக்குப் போகணும். அதுக்கு என்ன பண்ணுவீங்க?" நியாயமான கேள்விதான். அந்தத் தேர்வில் எந்த நாட்டு வழக்காக இருந்தாலும் ஏற்கிறார்கள், அர்ஜென்டினாவில் 'நீ' என்பதற்குச் சொல்லும் 'வோஸ்' உட்பட. பெரும்பாலும் ஸ்பெயினில் புழங்கும் 'வோசோத்ரோஸ்' (நீங்கள்) வாய்ப்பாட்டை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். படிக்கக் கொடுக்கும் பகுதியில் அது வரும், அதனால் இருக்கட்டும். மனப்பாடம் வேண்டாம், பார்த்தால் தெரிந்தால் போதும்.

புதிதாக ஒரு பக்கம் எழுதினேன். ஸ்பானிய 'நோசோத்ரோஸ்' ஒன்றுதான், அதில் நாமா நாங்களா என்று தெரியாது. பராகுவேயில் ஸ்பானியத்தோடு ஆட்சிமொழியாக இருக்கும் குவாரனியில் தெரியும்: 'ஞாந்தே' என்றால் நாம், 'ஓரே' என்றால் நாங்கள். தம்பி மகளிடம் காட்டினேன். "அப்ப அவங்களுக்கும் ஸ்பானிஷ் படிக்கறப்ப இது இடிக்குமா அத்தை?" என்றாள். அதைப் பயிற்சிக் கேள்வியாகவே போட்டுவிட்டேன்.

பனிச்சறுக்கை எடுத்துவிட்டு அங்கே கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களைப் பற்றி ஒரு பத்தி வைத்திருக்கிறேன். முழுகும் முன் விரலுக்குத் துணி சுற்றுவார்களே, அதற்கு ஸ்பானியத்தில் வினைச்சொல் சரியாக அமையவில்லை. நாளை பார்க்கலாம். கரண்ட் போய்விட்டது.