மூன்றாவது சில்லரை நிறுத்த எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது

சென்னைக்குத் தெற்கே ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் ஏசி பராமரிப்பு என் பொறுப்பு. ஏழு கட்டடங்களுக்கும் ஒரே பிளான்ட்தான். அங்கே தண்ணீரைக் குளிர வைத்து, மண்ணுக்கடியில் புதைத்த பைப் வழியாகக் கட்டடங்களுக்கு அனுப்புகிறோம். தண்ணீரைக் குளிர வைக்கும் மெஷினைத்தான் சில்லர் என்கிறோம். 500 டன் சில்லர் மூன்று இருக்கின்றன. உச்ச வெயிலிலும் இரண்டு ஓடினால் போதும், மூன்றாவது ஸ்பேர் என்றுதான் டிசைன். போன ஏப்ரலில் மூன்றும் ராத்திரி பகலாக ஓடின. அப்படியும் நூலகத்தின் மூன்றாம் மாடியில் உட்கார முடியவில்லை. தேர்வுக்குப் படிக்க வந்த பிள்ளைகள் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. அதைச் சரிசெய்த விதத்தை எழுதி வைக்கிறேன். இதே மாதிரி பிளான்ட் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும்.

முதலில் கணக்கு. ஒரு டன் ஐஸ் (அமெரிக்க டன், சுமார் 907 கிலோ) 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அதுதான் ஏசிக்காரர்கள் சொல்லும் ஒரு டன். 3.517 கிலோவாட். எங்கள் பிளான்ட்டில் தண்ணீர் 7 டிகிரியில் போய் 12 டிகிரியில் திரும்ப வேண்டும். இந்த 5 டிகிரி வித்தியாசத்தைத்தான் டெல்டா டி என்கிறோம். 5 டிகிரி இருந்தால் ஒரு டன் குளிர்ச்சியைச் சுமந்துபோக நிமிடத்துக்கு 10 லிட்டர் தண்ணீர் போதும். ஒரு 500 டன் சில்லருக்கு மணிக்கு 300 கன மீட்டர். சில்லர் வழியாக அதற்கு மேல் தள்ளவும் முடியாது.

எங்கள் லாக் புக்கில் ரிட்டர்ன் (திரும்பி வரும் தண்ணீர்) 10 டிகிரி என்றே பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. அப்படியென்றால் டெல்டா டி 3. சில்லர் ஒவ்வொன்றும் 60 சதவீத லோடில்தான் ஓடுகிறது. மூன்றையும் கூட்டினால் 900 டன். அந்த 900 டன்னை இரண்டு சில்லரே தாராளமாகத் தரும்.

"அப்ப ஒண்ணை நிறுத்திப் பார்ப்போமாண்ணே?" என்று ஷிப்ட் ஆபரேட்டரைக் கேட்டேன். என்னைவிட வயதில் மூத்தவர், பிளான்ட் கட்டிய நாளிலிருந்து இருப்பவர்.

"நிறுத்தலாம் சார். அரை மணி நேரத்துல ஹெடர்ல 9 காட்டும். அதுக்கு பயந்துதான் மூணாவதை ஓட்டுறோம்."

ஹெடர் என்றால் கட்டடங்களுக்குப் போகும் தண்ணீரெல்லாம் சேரும் பெரிய பைப். அவர் சொன்னபடியே ஆனது. காரணமும் பிறகு புரிந்தது. எங்களுடையது பிரைமரி, செகண்டரி என்று இரண்டு பம்ப் செட் உள்ள அமைப்பு. சில்லர் வழியாகத் தண்ணீரைத் தள்ளுவது பிரைமரி. கட்டடங்களுக்கு அனுப்புவது செகண்டரி. இரண்டுக்கும் நடுவில் ஒரு பொதுப் பைப். கட்டடங்கள் அளவுக்கு மேல் தண்ணீரை இழுத்தால், சில்லர் தரும் அளவு போதாமல், வெதுவெதுத்துத் திரும்பி வந்த ரிட்டர்ன் தண்ணீரே அந்தப் பொதுப் பைப் வழியாகச் சப்ளையில் கலந்துவிடும். 7 டிகிரி தண்ணீர் 9 ஆகிவிடும். 9 டிகிரி தண்ணீரால் அறையைச் சமாளிக்க முடியாமல் வால்வுகள் இன்னும் அகலத் திறக்கும். இழுப்பு இன்னும் கூடும். நம் ஊர் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் இதில் இன்னொரு கஷ்டமும் உண்டு. காயில் (உள்ளே தண்ணீர் ஓட, மேலே காற்று உரசிப் போகும் குழாய்ச் சுருள்) நன்றாகக் குளிர்ந்தால்தான் காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து வடியும். 9 டிகிரி தண்ணீரில் அறை ஓரளவு குளிர்ந்தாலும் ஈரம் போகாது. நூலகத்தில் இருந்ததும் இதே மாதிரிப் புழுக்கம்தான்.

சில்லர் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். கண்டென்சர் டியூப் சுத்தம், கூலிங் டவரிலிருந்து வரும் தண்ணீர் 32 டிகிரி, கேஸ் சரி, மெஷினில் கோளாறில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அது உண்மைதான். ஆனால் அவர்கள் வருவதற்காகக் காத்திருந்ததில் எங்களுக்கு இரண்டு வாரம் போய்விட்டது.

அதன்பின் நாங்களே இறங்கினோம். முதல் வேலை, சென்சார் சொல்வது மெய்யா என்று பார்ப்பது. ஒரு ஃப்ளாஸ்கில் ஐஸைப் பொடித்துப் போட்டு, அது நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, சென்சாரைக் கழற்றி உள்ளே விட்டுப் பார்த்தோம். சுழியம் காட்ட வேண்டும். ரிட்டர்ன் சென்சார் சுழியமே காட்டியது. ஹெடரில் இருந்த ஒன்று 0.6 கூட்டிக் காட்டியது. 3 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் நடுவே சண்டை நடக்கும்போது 0.6 என்பது பெரிய பொய். அதை மாற்றிய பிறகுதான் மற்ற எண்களை நம்பத் தொடங்கினேன்.

அடுத்து, கட்டடம் கட்டடமாக நடந்தோம். மொத்தம் 84 ஏஎச்யூ, அதாவது காயில் மீது காற்றை ஊதி அறைகளுக்கு அனுப்பும் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் உள்ளே போகும் பைப்பிலும் வெளியே வரும் பைப்பிலும் வெப்பநிலை எடுத்து, நோட்டில் இரண்டு பத்தியாக எழுதினோம். மூன்றாம் நாள் நூலகம். ஏஎச்யூ ரூமுக்குள் ஆள் திரும்பக்கூட இடமில்லை. நான் ஏணியில் நின்று சப்ளை, ரிட்டர்ன் இரண்டையும் படித்தேன். வித்தியாசம் ஒன்றரை டிகிரிதான். காயில் அடைப்பாக இருக்கும் என்று இறங்கப் போனேன். கீழே நின்ற ஃபிட்டர் தம்பி, "சார், இந்தக் குட்டி பைப்பு ஏன் வேர்க்குது?" என்றான்.

சப்ளையையும் ரிட்டர்னையும் காயிலுக்கு முன்னாலேயே இணைக்கும் ஒரு சின்ன பைபாஸ் பைப் அது. புதிதாகப் பைப் போட்டதும் உள்ளே கிடக்கும் வெல்டிங் கசடு, துரு, மண் எல்லாம் காயிலுக்குள் போய் அடைக்காமல் இருக்க, தண்ணீரை இந்தப் பைபாஸ் வழியாகச் சுற்ற விட்டுக் கழுவுவார்கள். ஃப்ளஷிங் முடிந்ததும் அதிலுள்ள வால்வை மூடிவிட வேண்டும். மூடியிருந்தால் உள்ளே தண்ணீர் ஓடாது, பைப் வேர்க்காது. இன்சுலேஷன் ஓரத்தில் பிளேடால் கீறினோம். உள்ளே சொட்டுச் சொட்டாக ஈரம். கையை வைத்தால் சுருக்கென்றது. வால்வ் கைப்பிடி இன்சுலேஷனுக்குள்ளேயே புதைந்து, பைப்போடு நேர்கோட்டில் இருந்தது. முழுசாகத் திறந்த நிலை. பிளான்ட் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து நூலகத்துக்குப் போன குளிர்ந்த தண்ணீரில் பெரும்பகுதி எந்தக் காற்றையும் தொடாமல் அப்படியே திரும்பி வந்திருக்கிறது.

கால் திருகு. அவ்வளவுதான். பத்தே நிமிடத்தில் ரிட்டர்ன் பைப்பில் முள் ஏறுவதை மூன்று பேரும் நின்று பார்த்தோம்.

84 இடத்தையும் திரும்பத் துழாவியதில் இப்படித் திறந்து கிடந்த பைபாஸ் 11 கிடைத்தது. பாதி ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே. எல்லாவற்றையும் மூடி, கைப்பிடியைக் கழற்றி, தகட்டில் தேதி போட்டுக் கட்டினோம்.

இதற்குப் பிறகு வந்தவை சின்னச் சின்ன வேலைகள். ஆனால் எண்ணிக்கையில் அதிகம். ஆக்சுவேட்டர் (வால்வைத் திறந்து மூடும் மோட்டார்) செத்துத் திறந்தே நின்ற வால்வுகளை மாற்றினோம். ஃபில்டரில் தூசி கட்டி காற்றே போகாத ஏஎச்யூக்கள் பல இருந்தன. காற்று குறைந்தால் தண்ணீர் எடுத்து வந்த குளிர் இறங்க இடமில்லாமல் திரும்பிவிடும். ஃபில்டர் கழுவும் நாளை அட்டவணையில் மாதத்துக்கு இருமுறை ஆக்கினோம்.

தெர்மோஸ்டாட்தான் கடினமாக இருந்தது, ஏனென்றால் அது மனிதர்கள் சம்பந்தப்பட்டது. வகுப்பறைகளில் 18 வைத்திருந்தார்கள். 18 வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பது பலருடைய நம்பிக்கை. அந்த அறை 18-ஐ எட்டவே எட்டாது, அதனால் அதன் வால்வ் மூடவே மூடாது. பக்கத்து அறைக்குப் போக வேண்டிய தண்ணீரையும் அதுவே குடிக்கும். அறை ஏசிகளுக்கு 2020 ஜனவரியிலிருந்து 24 டிகிரியே தொடக்க அளவு என்று மத்திய அரசு வைத்திருக்கிறது. அதையே காட்டி, துறைத் தலைவர் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துப் பேசினேன். கருவிகள் உள்ள ஆய்வகங்களுக்கு 20 வேண்டும் என்றார்கள். நியாயம், அங்கே விட்டுவிட்டோம். மற்ற இடங்களில் 24-க்குக் கீழே இறங்காதபடி பூட்டினோம். ஒரு பேராசிரியர் அம்மா மட்டும் விடாமல் கேள்வி கேட்டார். அவரைப் பிளான்ட்டுக்கே அழைத்துவந்து லாக் புக்கைக் காட்டினேன். அவர் துறையில் பிறகு எல்லோருக்கும் அவரே எடுத்துச் சொன்னார்.

மே மாதம் இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு ஆபரேட்டர் அண்ணன் போன் செய்தார். "சார், மூணாவதை நிறுத்திட்டேன். ஒரு மணி நேரமாச்சு. ஹெடர் 7-லயே நிக்குது. ரிட்டர்ன் 11.6." நான் பதில் சொல்லாமல் பிளான்ட்டுக்கு ஓடினேன். செகண்டரி பம்ப் 50 ஹெர்ட்ஸிலிருந்து 40-க்கு இறங்கியிருந்தது. பம்ப் இழுக்கும் மின்சாரம் வேகத்தின் மூன்றாம் அடுக்குக் (கன) கணக்கில் குறையும். வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். புதிதாக ஒரு மெஷினும் வாங்கவில்லை.

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் 2000-ஆம் ஆண்டிலிருந்து கயூகா ஏரியின் அடியாழத்துக் குளிர்ந்த தண்ணீரை வைத்தே வளாகத்தைக் குளிர்விக்கிறது. நமக்கு அப்படி ஓர் ஏரி இல்லை. ஒவ்வொரு டிகிரியையும் கரண்டு கொடுத்துத்தான் வாங்குகிறோம். அதனால்தான் யாரையும் தொடாமல் திரும்பிய அந்தத் தண்ணீரை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

இன்னும் ஒரு வேலை பாக்கி. அறிவியல் கட்டடத்தில் இரண்டு காயில்களில் சப்ளையும் ரிட்டர்னும் மாற்றி இணைக்கப்பட்டிருக்கின்றன. காற்று நுழையும் பக்கமாகவே குளிர்ந்த தண்ணீரும் நுழைகிறது. எதிரெதிராகப் போனால்தான் தண்ணீர் முழு வெப்பத்தையும் வாங்கிக்கொண்டு வெளியேறும். மாற்றுவதற்கு அந்த லைனை வடித்து, வெட்டி, திரும்ப வெல்டிங் செய்ய வேண்டும். டிசம்பர் விடுமுறையில் நான்கு நாள் கேட்டிருக்கிறேன். இந்தத் தடவை ஃப்ளஷிங் முடிந்து பைபாஸ் வால்வை மூடும்போது நானும் ஏணியில் இருப்பேன்.