செலவு உத்தரவை முதலில் படியுங்கள்

தவறாகத் தண்டிக்கப்பட்டவரின் கோப்பு கைக்கு வந்தால், பெரும்பாலோர் முதலில் புரட்டுவது தீர்ப்பைத்தான். நிபுணருக்குப் பணம் கேட்டு வக்கீல் போட்ட மனுவையும், அதன்மீதான உத்தரவையும் முதலில் தேடுங்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து அந்தோணி ரே ஹின்டன் வழக்கே அந்தத் தாளில்தான் சாய்ந்தது.

1985இல் பர்மிங்ஹாம் வட்டாரத்தில் மூன்று உணவகக் கொள்ளைகள் நடந்தன. மேலாளர்கள் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொலைகளை நேரில் பார்த்தவர் எவருமில்லை. பிழைத்த மூன்றாவது ஆள், போலீஸ் காட்டிய படங்களில் ஹின்டனை அடையாளம் காட்டினார். அந்த மூன்றாவது கொள்ளை நடந்த இரவு ஹின்டன் ஒரு கிடங்கில் வேலையில் இருந்ததாகச் சாட்சிகள் சொன்னார்கள். ஆக, வழக்கு நின்றது ஆறு தோட்டாக்கள் மீதும், அவருடைய அம்மாவின் பழைய .38 ரிவால்வர் மீதும்தான்.

தோட்டா ஒப்பீடு இப்படி நடக்கும். துப்பாக்கியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் சுட்டு மாதிரித் தோட்டாக்களை எடுப்பார்கள். ஒப்பீட்டு நுண்ணோக்கியில் இரண்டு தோட்டாக்களை அருகருகே வைத்து, குழலின் உட்புறம் பதித்த நுண்கீறல்கள் கோட்டுக்குக் கோடு சேர்கின்றனவா என்று பார்ப்பார்கள். அதற்கு முன் ஒரு சோதனை உண்டு: ஒரே துப்பாக்கியில் சுட்ட இரண்டு மாதிரிகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா? துருவேறித் தேய்ந்த குழலில் சில நேரம் அதுவே பொருந்தாது. பிறகு எதைக் கொண்டு ஒப்பிடுவது? அதனால் ஆய்வக அறிக்கை மட்டும் போதாது. ஆய்வாளர் கைப்பட எழுதிய வேலைத்தாளையும் கேட்டு வாங்க வேண்டும்.

இதைச் செய்யத் தெரிந்த ஆள் ஹின்டன் தரப்புக்குக் கிடைக்கவில்லை. நிபுணர் செலவுக்குக் கொலை வழக்கு ஒன்றுக்கு 500 வீதம் மொத்தம் 1,000 டாலர்தான் உச்சவரம்பு என்று நீதிபதி நினைத்தார்; ஹின்டனின் வக்கீலும் அதை நம்பினார். அந்த வரம்பு ஹின்டன் கைதாவதற்கு ஓராண்டுக்கு முன்பே நீக்கப்பட்டு, நியாயமான செலவு எதையும் கேட்கலாம் என்று சட்டம் மாறியிருந்தது. அந்தப் பணத்துக்கு வந்த நிபுணருக்கு ஒரு கண்ணில் பார்வையில்லை. நுண்ணோக்கியை இயக்க அரசுத் தரப்பு ஆய்வாளர்களிடமே உதவி கேட்டவர். குறுக்கு விசாரணையில் அரசு வக்கீல் இதையெல்லாம் ஜூரி முன் விரித்து வைத்தார். குழல் அரித்துப்போனதால் உறுதியாகச் சொல்லவே முடியாது என்று அந்த நிபுணர் சொன்னது சரிதான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மரண தண்டனை.

“வெள்ளை அரசு வக்கீல், வெள்ளை நீதிபதி, பெரும்பாலும் வெள்ளை ஜூரி, உனக்குத் தண்டனை நிச்சயம்” என்று கைதின்போதே ஒரு போலீஸ் அதிகாரி சொன்னதாகக் கறுப்பினத்தவரான ஹின்டன் பின்னாளில் சொன்னார். 2022இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்ட 3,200 பேரில் 53 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். மக்கள் தொகையில் அவர்கள் 13.6 விழுக்காடு. ஏழைக் கறுப்பரிடம் நிபுணருக்குக் கொடுக்கக் கைப்பணம் இருக்காது. நீதிமன்றம் அனுமதிக்கும் தொகைதான் அவருடைய பாதுகாப்பு முழுவதும்.

2002இல் தேர்ந்த நிபுணர்கள் மூவர், தோட்டாக்கள் அந்த ரிவால்வரிலிருந்து வந்தவை என்று சொல்லவே முடியாது என்றனர், ஒருவர் எஃப்.பி.ஐ. துப்பாக்கி ஆய்வுப் பிரிவின் முன்னாள் தலைவர். மாநில நீதிமன்றங்கள் அசையவில்லை. வக்கீல் சட்டத்தையே பார்க்காமல் விட்டது தவறு என்று 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. பிறகு அரசின் ஆய்வாளர்களே அதே தோட்டாக்களை மறுபடி பார்த்தார்கள். பொருத்தம் காட்ட முடியவில்லை. 2015 ஏப்ரல் 3 அன்று ஹின்டன் வெளியே வந்தார். மகனுக்காகக் காத்திருந்த அம்மா 2002இலேயே இறந்துபோயிருந்தார்.