எந்தச் சந்திரசேகர்?

என் பெயர் சந்திரசேகர். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இந்தப் பெயரில் மொத்தம் மூன்று பேர் இருக்கிறோம். கூரியர் தம்பி கேட்டில் வந்து பெயரைச் சொன்னதும் காவலாளி அண்ணன் கேட்கும் முதல் கேள்வியே "எந்தச் சந்திரசேகர்?" என்பதுதான். நான் ஆர்டர் போட்ட செருப்பை முதல் மாடிச் சந்திரசேகர் வாங்கிப் போட்டுப் பார்த்து, அளவு சரியில்லை என்று திருப்பியும் அனுப்பிவிட்டு, அதற்கப்புறம்தான் தனக்குச் செருப்பே வேண்டியிருக்கவில்லை என்று ஞாபகம் வந்து என்னிடம் வருத்தம் தெரிவித்த வரலாறெல்லாம் உண்டு.

இத்தனை அனுபவம் இருந்தும் புத்தி வரவில்லை பாருங்கள், அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

போன மாதம் எங்கள் சங்கத்தின் ஆண்டு விழா. வினாடி வினா நடத்த ஆள் தேடினார்கள், நான் கையைத் தூக்கினேன். நான்கு பிளாக், நான்கு அணி, பதினைந்து கேள்வி. பதினான்கு கேள்வி ஒழுங்காகத் தயாரித்தேன். கடைசிக் கேள்விக்கு இருபது மதிப்பெண். இவ்வளவு உழைக்கிறோமே, நம் பெயருக்கும் கொஞ்சம் பெருமை சேர்த்துக்கொண்டால் என்ன என்று ஒரு சின்ன ஆசை. விண்வெளி விஞ்ஞானி சுப்பிரமணியன் சந்திரசேகரைப் பற்றிக் கேட்டுவிடுவோம், எல்லோருக்கும் தெரிந்த பெயர், விடை வந்ததும் கைதட்டல் வரும், அப்போது அடக்கமாக ஒரு புன்னகை செய்துகொள்ளலாம் என்பது திட்டம்.

பதினான்கு கேள்வி முடிந்தபோது நான்கு அணிகளும் ஐந்தைந்து மதிப்பெண் வித்தியாசத்தில் இருந்தன. கூட்டமும் நல்ல சூட்டில் இருந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேன்.

"1983-ஆம் ஆண்டில் நாடே பேசிய சந்திரசேகர் யார்?"

கேட்டு முடிக்கும் முன்னால் ஏ பிளாக் அணியின் ஓய்வுபெற்ற வங்கி மாமா மேஜையை ஓங்கித் தட்டினார். "நம்ம முன்னாள் பிரதமர்!"

"இல்லை மாமா, தப்பு" என்றேன்.

"எது தப்பு? 1983 ஜனவரி 6-ஆம் தேதி கன்னியாகுமரியில் கிளம்பி ஜூன் 25-ஆம் தேதி டெல்லி ராஜ்காட் வரைக்கும் நடந்தே போனார் மனுஷன். நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். கிளம்பின அன்னிக்கு நானும் கொஞ்ச தூரம் கூட நடந்தேன். நீங்க அப்போ பிறந்தாச்சா?"

பிறக்கவில்லை. அதைச் சொன்னால் வாதம் அங்கேயே முடிந்துவிடும் என்பதால் பதில் சொல்லாமல் குறிப்புச் சீட்டைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தேன். எனக்கு மனதில் இருந்தது 1983-இல் வந்த நோபல் பரிசு. அதே வருஷம் இன்னொரு சந்திரசேகர் நாட்டை நீளவாக்கில் அளந்துகொண்டிருந்தார் என்று யாருக்குத் தோன்றும்? இதற்கிடையே சி பிளாக்கிலிருந்து ஒருவர், "91-ல ஜனவரி மாசம் கலைஞர் ஆட்சியைக் கலைச்சாரே, அவர்தானே? அவருக்கெல்லாமா இருபது மார்க்?" என்று எழுந்துவிட்டார். வினாடி வினா நொடியில் பொதுக்கூட்டம் ஆகிவிட்டது. சங்கச் செயலாளர் இரு கைகளையும் விரித்து எல்லோரையும் உட்கார வைத்தார்.

சரி, கேள்வியை இறுக்கிக் கட்டுவோம் என்று நினைத்தேன். இங்கேதான் நான் செய்த தவறு. அசல் கேள்வியை ரத்து செய்துவிட்டு வேறு ஏதாவது ஒரு தலைநகரத்தைக் கேட்டிருந்தால் எட்டரைக்கு வீட்டில் இருந்திருப்பேன்.

"இன்னொரு குறிப்பு தருகிறேன். இவர் பல வருஷம் ஒரு பத்திரிகைக்கு ஆசிரியராகவும் இருந்தவர்."

இந்தக் குறிப்பில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. விஞ்ஞானி சந்திரசேகர் 1952-இலிருந்து 1971 வரை 'ஆஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னல்' என்ற வானியல் ஆய்விதழை நடத்தியவர். சிகாகோ பல்கலைக்கழகத்து இதழாக இருந்ததை வானியலாளர்கள் எல்லோரும் எட்டிப் பார்க்கும் இதழாக வளர்த்ததில் அவர் பங்கு பெரிது. அரசியல்வாதிக்கும் ஆய்விதழுக்கும் என்ன சம்பந்தம், இதோடு மாமா அடங்கிவிடுவார் என்று நினைத்தேன்.

மாமா இன்னும் பலமாகத் தட்டினார். "அதான் சொல்றேனே! 'யங் இந்தியன்' பத்திரிகை! 1969-ல அவர் ஆரம்பிச்சது, அவரேதான் ஆசிரியர். எமர்ஜென்சில ஆளையும் உள்ளே போட்டாங்க, பத்திரிகையும் நின்னுபோச்சு. நான் சந்தா கட்டி வாங்கினவன் தம்பி!"

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1969-இலிருந்து 1971 வரை டெல்லியில் ஒரு சந்திரசேகரும் சிகாகோவில் ஒரு சந்திரசேகரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து பிறர் எழுதியதைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒருவர் மேஜையில் வங்கிகள் தேசியமயம், இன்னொருவர் மேஜையில் நட்சத்திரங்கள். தபால்காரர் மட்டும் கொஞ்சம் தடுமாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. அன்று மேடையில் வரவில்லை, வியர்வைதான் வந்தது.

"இனிஷியல் எஸ்!" என்று கிட்டத்தட்ட கத்தினேன். "எஸ். சந்திரசேகர்!"

பிரதமருக்கு இனிஷியல் கிடையாது. மாமா முதல்முறையாக யோசித்தார். நான் மூச்சு விட்டேன். அந்த இடைவெளியில் பி பிளாக் பையன் ஒருவன், ஏழாம் வகுப்பு, எங்கள் எதிர்வீடு, கையைத் தூக்கி "பி.எஸ். சந்திரசேகர்" என்றான்.

"டேய், அவர் கிரிக்கெட்டர்."

"எஸ் இருக்குல்ல அங்கிள்? எங்க தாத்தா சொல்லியிருக்காரு. டெஸ்ட்ல 242 விக்கெட், ஆனா மொத்தமே 167 ரன்தான். எடுத்த ரன்னைவிட விக்கெட் ஜாஸ்தி."

புள்ளிவிவரம் அச்சு அசலாகச் சரி. போலியோவால் மெலிந்துபோன கையை வைத்துக்கொண்டு அந்த மனிதர் 1971-இல் ஓவல் மைதானத்தில் 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்துக் கொடுத்துத்தான் இங்கிலாந்து மண்ணில் இந்தியா முதல் டெஸ்டை வென்றது. கூட்டம் அவனுக்குக் கைதட்டியது. எனக்கென்று நான் ஒதுக்கி வைத்திருந்த கைதட்டல் அது. நான் கறாராக, "இனிஷியல் எஸ் மட்டும்தான், முன்னால் பி கிடையாது, மதிப்பெண் கிடையாது" என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. அவன் பக்கத்தில் இருந்த தங்கச்சி, எட்டு வயசு இருக்கும், "அப்போ சந்திரசேகர ஆசாத்தா?" என்றாள். எந்த ஆசாத் என்று கேட்கவிருந்தேன், ஏனென்றால் 1931-இல் அலகாபாத் பூங்காவில் சண்டையிட்டு உயிர்விட்ட புரட்சியாளரும் இருக்கிறார், 2024-இல் நகினா தொகுதியில் ஜெயித்து எம்.பி. ஆனவரும் இருக்கிறார். நல்லவேளை, வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்து எழுந்தவர் சி பிளாக் அம்மா. சுகாதாரத் துறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

"எஸ். சந்திரசேகர்னா எனக்குத் தெரியுமே. இந்திரா காந்தி மந்திரிசபையில சுகாதாரம், குடும்பக் கட்டுப்பாடு மந்திரி. 1967-ல வந்தார். ஸ்ரீபதி சந்திரசேகர்."

"அம்மா, நான் கேட்பது விஞ்ஞானி..."

"நீங்க விஞ்ஞானின்னு சொல்லவே இல்லையே தம்பி. அப்படிப் பார்த்தாலும் அவர் மக்கள்தொகை ஆய்வாளர். எத்தனை புத்தகம் எழுதியிருக்கார்! அரசியல்ல நுழைஞ்சதுதான் பின்னாடி. மக்கள்தொகை விஞ்ஞானம் இல்லையா?"

அம்மா கேட்ட தொனியில், இல்லை என்று சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணம் சுவருக்குச் சுவர் இருந்த காலத்திலிருந்து வந்தவர். மேலும் அவர் சொன்னது சரி, நான் விஞ்ஞானி என்று சொல்லவேயில்லை. கெட்டிக்காரத்தனமாகக் கேள்வியை மறைத்துக் கேட்கிறேன் என்று நினைத்துச் சொல்லவேண்டியதை மறைத்துவிட்டேன்.

நேரம் ஒன்பது. சமையல்காரர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் கையில் இருந்ததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன்: "விஞ்ஞானி. இயற்பியல் விஞ்ஞானி. இனிஷியல் எஸ். சர் சி.வி. ராமனுக்கு நெஃப்யூ. இவர் கண்டுபிடித்தது என்ன? அவ்வளவுதான் கேள்வி. இதற்கு மேல் குறிப்பு இல்லை."

இதில் ஓட்டை எங்கே இருக்க முடியும், சொல்லுங்கள். எஸ்., சந்திரசேகர், இயற்பியல், ராமன் குடும்பம். ஆதார் எண் மட்டும்தான் பாக்கி.

டி பிளாக்கில் ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் ஒருவர் உண்டு. பதினான்கு கேள்விக்கும் கண்ணை மூடியே உட்கார்ந்திருந்தார், தூங்குகிறார் என்று நினைத்திருந்தோம். கண்ணைத் திறக்காமலேயே சொன்னார்: "திரவப் படிகம்."

"தவறு சார்" என்றேன். வாயில் வந்துவிட்டது.

இப்போது கண்ணைத் திறந்தார். மேடைக்கு வந்தார். மேஜையில் சிற்றுண்டிக்காக வைத்திருந்த காகிதத் தட்டுகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தார். எனக்குப் பாதி புரிந்தது, பாதி பயம். அவர் சொன்னதன் சாரம் இது: கால்குலேட்டர், வாட்ச் முகப்புகளில் இருக்கிறதே திரவப் படிகம், அது நீள நீளமான மூலக்கூறுகளால்தான் உண்டாகும் என்றே பல காலம் எல்லோரும் நினைத்திருந்தார்கள். இல்லை, தட்டு மாதிரி இருக்கும் மூலக்கூறுகளும் இப்படித் தூண் தூணாக அடுக்கிக்கொண்டு திரவப் படிகமாகும் என்று 1977-இல் பெங்களூர் ராமன் ஆய்வு நிறுவனத்தில் கண்டுபிடித்துக் காட்டியது ஒரு குழு. அதன் தலைவர் பெயர் எஸ். சந்திரசேகர். சிவராமகிருஷ்ண சந்திரசேகர். இயற்பியல் விஞ்ஞானி. சர் சி.வி. ராமனுக்கு நெஃப்யூ.

மண்டபத்தில் ஒரு சத்தம் இல்லை.

"அப்போ நான் சொல்கிற எஸ். சந்திரசேகர்...?"

"அவரும் ராமனுக்கு நெஃப்யூதான். அவர் அண்ணன் மகன், இவர் தங்கை மகன்." தட்டை என் கையில் கொடுத்தார். "தமிழில் கேட்டிருந்தால் தப்பித்திருப்பீர்கள். ஒருவருக்கு ராமன் சித்தப்பா, இன்னொருவருக்கு மாமா. நீங்கள் நெஃப்யூ என்று கேட்டீர்கள், இரண்டு பேரும் வந்துவிட்டார்கள்."

அதுதான் என்னைச் சாய்த்தது. சித்தப்பா, மாமா என்று தனித்தனியாக வைத்துக்கொண்டு, கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் எந்த வரிசையில் வரவேண்டும் என்று சண்டை போடும் ஆள் நான். பத்தொன்பது வயதில் கப்பலில் போகும்போதே ஒருவர் நட்சத்திரத்தின் விதியைக் கணக்குப் போட்டார். எனக்கு நெஃப்யூவைத் தமிழில் எழுதத் தோன்றவில்லை.

கடைசியில் நானே விடையைச் சொன்னேன். எரிபொருள் தீர்ந்த ஒரு நட்சத்திரம் வெண்குறுமீனாகச் சுருங்கி நிற்க வேண்டுமென்றால் அதன் நிறை சூரியனைப்போல் 1.4 மடங்குக்குள் இருக்க வேண்டும், அதற்கு மேல் போனால் தாங்காது, அதற்குப் பெயர் சந்திரசேகர் எல்லை, அதை 1935-இல் லண்டனில் எடுத்துச் சொன்னபோது எடிங்டன் என்ற பெரிய மனிதர் எல்லோர் முன்னாலும் கேலி செய்தார், அப்புறம் உலகம் ஒத்துக்கொண்டது, 1999-இல் விண்ணுக்குப் போன 'சந்திரா' தொலைநோக்கி இவர் பெயரில்தான். ரொம்ப உணர்ச்சியோடு சொன்னேன். பாதிப் பேர் சாப்பாட்டு வரிசையில் நின்றிருந்தார்கள். செயலாளர் சமாதானமாக ஏ, சி, டி மூன்று பிளாக்குக்கும் இருபது இருபது கொடுக்கச் சொன்னார். பி பிளாக்குக்கு மட்டும் இல்லை, கிரிக்கெட்டர் என்று நானே தீர்ப்புச் சொல்லியாகிவிட்டதே. கோப்பை டி பிளாக்குக்குப் போனது.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பேராசிரியர் போன் செய்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"தம்பி, நேற்று 'சந்திரசேகர் எல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னீர்களே, ராத்திரி முழுக்க உறுத்தியது. அதுவும் இரண்டு இருக்கிறது."

"சார்..."

"மீகடத்திகளில், அதாவது தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்களில். காந்தப்புலம் ஓர் அளவுக்கு மேல் போனால் மீகடத்தும் தன்மை போய்விடும். 1962-இல் தனித்தனியாக இரண்டு பேர் சொன்னார்கள், கிளாக்ஸ்டன் ஒருவர், சந்திரசேகர் ஒருவர். அதைச் சந்திரசேகர்-கிளாக்ஸ்டன் எல்லை என்பார்கள். ஆள் வேறு. இயற்பியலாளர்தான்."

"இனிஷியல் எஸ்ஸா சார்?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"எஸ் இருக்கிறது. முன்னால் ஒரு பி. பி.எஸ். சந்திரசேகர்."

எதிர்வீட்டுப் பையன் இப்போதெல்லாம் லிஃப்டில் என்னைப் பார்த்தால் படியேறிப் போகிறான். பேராசிரியரிடம் ஒரே ஒரு வேண்டுகோள்தான் வைத்திருக்கிறேன், அவன் அப்பாவோடு காலை நடைக்குப் போகும்போது மீகடத்தி பற்றி மட்டும் பேசவேண்டாம் என்று.